27 மணி நேர மீட்டிங்கை கவுத்த பேப்பர் விளம்பரம்: வர்ஜீனியா டேட்டா சென்டர் நிலத்தோட கேஸ்

நம்ம ஊர் பேப்பர்ல உள்பக்கத்துல வக்கீல் பேர் போட்டு வருமே, "பொது அறிவிப்பு, கீழ்கண்ட சொத்து சம்பந்தமா யாருக்காவது ஆட்சேபனை இருந்தால்"னு பொடி எழுத்துல, அதை யாராவது முழுசா படிச்சிருக்கீங்களா? நான் படிச்சதில்ல, அந்த பக்கம் பஜ்ஜி எண்ணெய் ஒத்தறதுக்கு தான்னு நெனச்சிட்டு இருந்தேன். அமெரிக்காவுல அந்த மாதிரி ஒரு விளம்பரம் நாள் கணக்கு தப்பி வந்ததால, உலகத்துலயே பெரிய டேட்டா சென்டர் வளாகமா வரப்போகுதுன்னு பேசப்பட்ட ஒரு திட்டத்தோட அனுமதியே செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. அந்த கேஸை தான் முதல்ல இருந்து எழுதப்போறேன், கொஞ்சம் நீளம் தான், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

நான் கோயம்புத்தூர்ல இருந்து அமெரிக்க சிவில் கம்பெனிகளுக்கு சைட் பிளான் போட்டுக் குடுக்கற டீம்ல இருக்கேன். கிரேடிங், ட்ரெயினேஜ், மழைத்தண்ணி பாண்டு, ரோடு ப்ரொஃபைல், இது தான் நம்ம பொழப்பு. கால் வெச்சு நின்னதே இல்லாத மண்ணோட மேடு பள்ளம் எனக்கு கான்டூர் கோடா மனப்பாடம். இந்த ப்ராஜெக்ட்ல நான் வேலை பாக்கல, இங்க சொல்றது எல்லாமே வெளிய பதிவான விஷயம், ஆனா அந்த பக்கத்து நிலத்தை வருஷக்கணக்கா ஸ்கிரீன்ல பாத்ததால எனக்குன்னு சில அபிப்பிராயம் இருக்கு, அதையும் நடுநடுவுல சொல்லிடறேன்.

எல்லாரும் ஏன் அந்த ஒரு மூலைக்கு போனாங்க

வாஷிங்டனுக்கு மேற்கால வர்ஜீனியாவுல லௌடன் கவுன்டி (கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி), அதுல ஆஷ்பர்ன்னு ஒரு ஊர். 1992-ல அந்த வட்டாரத்துல மே-ஈஸ்ட்னு ஒரு இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் பாயின்ட் வந்துச்சு, வேற வேற நெட்வொர்க்குங்க சந்திச்சு ட்ராஃபிக் மாத்திக்கற இடம். 90-கள்லயே ஏஓஎல்ங்கற இன்டர்நெட் கம்பெனி தன்னோட தலைமை ஆபீசை அங்க இருக்கற டல்லஸ் (Dulles, டெக்சாஸ் ஊர் இல்ல) ஏர்போர்ட் பக்கம் கொண்டு வந்துச்சு, பின்னாடியே டேட்டா சென்டர் கம்பெனி ஈக்வினிக்ஸ் ஆஷ்பர்ன்ல கட்டிடம் போட்டுச்சு. ஃபைபர் எங்க இருக்கோ அங்க சர்வர் போகும், சர்வர் எங்க இருக்கோ அங்க இன்னும் ஃபைபர் வரும், சந்தை கூடற இடத்துல தான் கடை போடுவாங்க இல்லையா, அதே கதை. பெருசா மேடு பள்ளம் இல்லாத பண்ணை நிலம், அப்ப மலிவான கரன்ட், புயல் நேரா வந்து அடிக்காத இடம், போதாக்குறைக்கு 2008-க்கு அப்புறம் மாநிலமே சர்வருக்கு விற்பனை வரி விலக்கு குடுத்துச்சு. உலக இன்டர்நெட்ல 70 சதவீதம் ஆஷ்பர்ன் வழியா தான் போகுதுன்னு எல்லா ப்ரெசன்டேஷன்லயும் போடுவாங்க, அதுக்கு உருப்படியான ஆதாரம் எதையும் நான் பாத்ததில்ல, கேக்க நல்லா இருக்குதுன்னு அப்படியே ஓடிட்டு இருக்கு.

ஆதாரம் உள்ள கணக்கு வேணும்னா வர்ஜீனியா சட்டமன்றத்தோட ஆய்வு அமைப்பு ஜேலார்க் 2024 டிசம்பர்ல போட்ட ரிப்போர்ட் இருக்கு. உலகத்துல ஓடிட்டு இருக்கற டேட்டா சென்டர் திறன்ல 13 சதவீதம் வட வர்ஜீனியாவுல மட்டும். 2,50,000 சதுர அடி கட்டிடம் ஒண்ணுல கட்டும்போது உச்சத்துல 1,500 பேர் வரைக்கும் வேலை பாப்பாங்க, கட்டி முடிச்சப்புறம் நிரந்தரமா இருக்கறது சுமார் 50 பேர் தான். வேலைவாய்ப்பு வேலைவாய்ப்புன்னு மேடை போட்டு பேசறவங்க இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சொல்லவே மாட்டாங்க.

ஆனா கவுன்டிக்காரன் எதுக்கு விழுந்தான்னா வேலைக்கு இல்ல, வரிக்கு. கட்டிடத்துக்கு உள்ள இருக்கற சர்வர் மேல வருஷா வருஷம் சொத்து வரி, சர்வர் நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுசா மாறும், அதனால வரியும் வத்தாது. பள்ளிக்கூடத்துக்கு பிள்ளைங்களை அனுப்பாது, ரோட்ல ட்ராஃபிக் பண்ணாது, வரி மட்டும் கட்டும், இதை விட நல்ல குடித்தனக்காரன் கவுன்டிக்கு எங்க கிடைப்பான்! டேட்டா சென்டருக்கு செய்யற ஒவ்வொரு டாலர் செலவுக்கும் 26 டாலர் வரியா திரும்ப வருதுன்னு லௌடன்காரங்களே சொல்லிக்கிட்டாங்க. 2010-ல 100 டாலர் மதிப்புக்கு 1.30 டாலரா இருந்த வீட்டு வரி 2025-ல 80 சென்ட் சொச்சத்துக்கு இறங்கிடுச்சு. பக்கத்து கவுன்டிக்காரன் வயிறு எரியாம இருக்குமா.

கரன்ட் இல்லாத நிலம் வெறும் நிலம்

அந்த பக்கத்து கவுன்டி தான் பிரின்ஸ் வில்லியம். 2016-லயே சுமார் 10,000 ஏக்கரை டேட்டா சென்டர் ஓவர்லே மண்டலம்னு கோடு போட்டு ஒதுக்கிட்டாங்க, அதுக்குள்ள பெரும்பாலும் பொது விசாரணை இல்லாம பை ரைட்டா கட்டிக்கலாம். அப்புறம் எதுக்கு வெளிய போய் சண்டைன்னு தோணும். ஓவர்லேக்குள்ள இருந்த நிலம் துண்டு துண்டா இருந்துச்சு, கம்பெனிங்க கேட்டது ஒரே தாயா பல நூறு ஏக்கர், அதுவும் ஹை டென்ஷன் லைன் பக்கத்துல.

2022 ஜூலைல அந்த பக்கத்துக்கு கரன்ட் குடுக்கற டொமினியன் எனர்ஜி கம்பெனி ஒரு குண்டை போட்டுச்சு, கிழக்கு லௌடன்ல புது டேட்டா சென்டருக்கு முழு லோடு குடுக்க 2026 வரைக்கும் கூட ஆகலாம்னு. கரன்ட் உற்பத்தி பத்தாம போய் இல்ல, கொண்டு போற லைன் தாங்காது. அதுவரைக்கும் "பேட் ரெடி"ன்னா எங்களுக்கு என்ன அர்த்தம்னா, மரம் வெட்டியாச்சு, வேர் எடுத்தாச்சு, மண் அடிச்சு லெவல் பண்ணியாச்சு, தண்ணி கழிவுநீர் பைப் எல்லை வரைக்கும் வந்தாச்சு, நாளைக்கே ஃபவுண்டேஷன் தோண்டலாம். அன்னிலேர்ந்து கிளையன்ட் கேக்கற முதல் கேள்வியே மாறிடுச்சு, டொமினியன் லெட்டர் எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு.

இதை கொஞ்சம் விளக்கணும், ஏன்னா நிலம் தயார் பண்றதுல இப்ப பாதி கதை இது தான். டொமினியன்கிட்ட மூணு படி. முதல் படி இன்ஜினியரிங் லெட்டர், சப்ஸ்டேஷன் டிசைன் ஆரம்பிக்கற செலவை நீ ஏத்துக்கறன்னு கையெழுத்து. ரெண்டாவது கன்ஸ்ட்ரக்ஷன் லெட்டர், சாமான் ஆர்டர் போட்டு கட்ட ஆரம்பிப்பாங்க, நடுவுல நீ ஓடிட்டா செலவு உன் தலைல. மூணாவது தான் சர்வீஸ் அக்ரிமென்ட், இத்தனை வருஷத்துல இத்தனை மெகாவாட் எடுக்கறேன்னு. 2024 கடைசில இந்த மூணு படிலயும் சேத்து நின்ன டேட்டா சென்டர் லோடு 40 ஜிகாவாட் கிட்ட, அதுல முதல் படிலயே நிக்கறவங்க எத்தனை பேர் நெஜமா கட்டப்போறாங்கன்னு யாருக்கு தெரியும், கல்யாண மண்டபத்துக்கு நாலு இடத்துல அட்வான்ஸ் குடுத்து வெக்கற மாதிரி தான் பாதி. 100 மெகாவாட்டுக்கு மேல புதுசா கேட்டா 7 வருஷம் வரைக்கும் ஆகலாம்னு அதே வருஷம் செய்தி வந்துச்சு. அதனால எங்க ட்ராயிங்லயும் கட்டிடத்துக்கு முன்னாடி சப்ஸ்டேஷன் சதுரத்தை வெச்சிட்டு, அதுக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் லாரி போற ரோடு வளைவை போட்டுட்டு, மிச்ச இடத்துல தான் கட்டிடத்தை அடுக்கறோம். முன்னெல்லாம் தலைகீழ்.

பேஜ்லேண்ட் லேன்

இப்ப நிலத்துக்கு வருவோம். மனாசஸ் ஊருக்கு மேற்கால பேஜ்லேண்ட் லேன்னு ஒரு சின்ன ரோடு, அதை ஒட்டி பண்ணைங்க, குதிரை கொட்டாய், தனித்தனி வீடுங்க. கிழக்கு பக்கம் ஒட்டினாப்ல மனாசஸ் தேசிய போர்க்கள பூங்கா, அமெரிக்க உள்நாட்டு போர்ல 1861 ஜூலைலயும் 1862 ஆகஸ்ட்லயும் ரெண்டு தடவை ரத்த ஆறு ஓடின இடம். இந்த சுத்துவட்டாரத்துக்கு பெரிய பில்டர் வர்றதும் சண்டை வெடிக்கறதும் புதுசு இல்ல. 1988-ல போர்க்களத்தை ஒட்டி ஒரு ஷாப்பிங் மால் வரப்பாத்துச்சு, பார்லிமென்ட்டே சட்டம் போட்டு 550 ஏக்கர் சொச்சத்தை எடுத்துக்கிச்சு. 1993-ல டிஸ்னி பக்கத்து ஊர் ஹேமார்க்கெட் கிட்ட சரித்திர தீம் பார்க் கட்டறேன்னு வந்து அடுத்த வருஷமே மூட்டையை கட்டிடுச்சு. 1998-ல கவுன்டி அந்த கிராமப்புறத்தை ரூரல் க்ரெசன்ட்னு பேர் வெச்சு 10 ஏக்கருக்கு ஒரு வீடு தான்னு பூட்டு போட்டுடுச்சு.

பத்து வருஷம் முன்னாடி ஹேமார்க்கெட் டேட்டா சென்டர் ஒண்ணுக்காக 230 கிலோவோல்ட் லைன் இழுக்க ஒரு வழி கார்வர் ரோடு வழியா போட்டாங்க, அங்க இருந்தது அடிமைத்தனத்துல இருந்து விடுதலையானவங்க வாங்கின நிலத்துல தலைமுறையா வாழற கருப்பின குடும்பங்க. பெரிய எதிர்ப்பு வந்து கடைசில ஹைவே ஓரமா ஒரு பகுதி பூமிக்கு அடியில கொண்டு போக வேண்டியதாச்சு. அப்பவே கவுன்டிக்கு பாடம் கிடைச்சிருக்கணும், ஒரு கட்டிடத்தை எங்க வெக்கறோம்னு முடிவு பண்ணா லைன் எந்த வீட்டு கொல்லை வழியா வரும்ங்கறதையும் அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம்னு அர்த்தம்.

2021-ல கதை திரும்புது. இந்த தடவை பில்டர் வந்து கதவை தட்டல, பேஜ்லேண்ட் நிலக்காரங்களே ஒண்ணு சேந்து கவுன்டிகிட்ட போனாங்க, எங்க நிலத்தை டேட்டா சென்டருக்கு மாத்திக்குடுங்கன்னு. அவங்க பக்கம் நியாயம் இல்லாம இல்ல. ஏற்கனவே பெரிய டவர் லைன் அவங்க நிலம் வழியா தான் போகுது, இனிமே என்ன கிராமம் என்ன அமைதின்னு கேட்டாங்க. விவசாய நிலமா வித்தா கிடைக்கறது எங்க, ஏக்கருக்கு 9 லட்சம் டாலருக்கு மேல ஆஃபர்னு பேச்சு அடிபட்டது எங்க. ஓஎம்ஆர்ல ரோடு வந்தப்ப நெல்லு வயக்காரங்க மனசு எப்படி இருந்துச்சோ அப்படி தான் இருந்திருக்கும், அவங்களை பேராசைக்காரங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா ஒரு கண்டிஷன், ரீசோனிங், அதாவது நம்ம டிடிசிபில நில உபயோக மாற்றம்னு சொல்றோமே அது, கிடைச்சா தான் கிரயம், இல்லன்னா அக்ரிமென்ட் பேப்பர் மட்டும் தான் கையில.

மொத்தம் 2,139 ஏக்கர். பிரின்ஸ் வில்லியம் டிஜிட்டல் கேட்வேன்னு பேர். க்யூடிஎஸ், காம்பஸ்னு ரெண்டு டேட்டா சென்டர் கம்பெனி, 37 கட்டிடம் வரைக்கும், 2 கோடியே 30 லட்சம் சதுர அடி வரைக்கும். சைட் பிளான் போடறவனா சொல்றேன், இந்த நம்பர் கண்ணை கட்டும். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் சமமான பேட் வேணும், அந்த பூமி சமமா இல்ல, சின்ன சின்ன ஓடைங்க எல்லாம் புல் ரன்ங்கற ஆத்து பக்கம் இறங்கிட்டே இருக்கும். கீழ சிவப்பு சில்ட்ஸ்டோன், நடுநடுவுல டயபேஸ் பாறை, லௌடன் குவாரிங்கள்ல உடைச்சு ரோட்டுக்கு ஜல்லி போடற அதே கருங்கல். மண்ணை சோதிக்க தோண்டற போர் ஹோல் நாலு கம்மியா போட்டுட்டு மண்ணுன்னு நெனச்சு வெட்டற இடத்துல டயபேஸ் வந்துச்சுன்னா வெடி வெக்கணும், பக்கத்துல வீடு இருந்தா அதுக்கு தனி சர்வே, தனி நோட்டீஸ், எஸ்டிமேட் போச்சு.

தண்ணி இன்னொரு பக்கம். புல் ரன் போய் சேர்ற இடம் ஒக்கோக்வான் நீர்த்தேக்கம், சுமார் 8 லட்சம் பேருக்கு குடிநீர். அதை காப்பாத்தணும்னு பக்கத்து ஃபேர்ஃபேக்ஸ் கவுன்டி 1982-லயே 41,000 ஏக்கர் கிட்ட வீட்டு அடர்த்தியை குறைச்சு தியாகம் பண்ணி வெச்சிருக்கு. மேல இருக்கறவன் கூரையும் தாருமா மாத்தினா கீழ இருக்கறவன் குடிக்கற தண்ணி என்னாகும்னு ஃபேர்ஃபேக்ஸ் வாட்டர் முழு ஆய்வு கேட்டுச்சு. காவிரி பாத்து வளந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்ல.

ஓட்டு

ரெண்டு கட்டமா நடந்துச்சு. முதல்ல 2022 நவம்பர் 2-ஆம் தேதி, ராத்திரி முழுக்க விசாரணை நடத்தி காம்ப்ரிஹென்சிவ் ப்ளானை மாத்தினாங்க, நம்ம மாஸ்டர் ப்ளான் மாதிரி. கவுன்டியை நடத்தறது ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கற ஒரு போர்டு, அதுல அந்த பகுதி மெம்பர் பீட் கேண்ட்லேண்ட் தன் வீடும் விக்கற பட்டியல்ல இருந்ததால ஓட்டு போட முடியாம ஒதுங்கி நின்னாரு, டிசம்பர்ல ராஜினாமாவே பண்ணிட்டாரு. ஒரு தொகுதிக்கு அது வரைக்கும் வந்ததுலயே பெரிய பிரச்சனை வரும்போது அந்த தொகுதி நாற்காலி பேச முடியாத நாற்காலியா இருந்துச்சு.

அடுத்து 2023 ஜூன்ல கட்சி உள்தேர்தல். திட்டத்தை ஆதரிச்ச போர்டு தலைவர் ஆன் வீலர், டேட்டா சென்டர் எதிர்ப்பை பேசின டெஷுன்ட்ரா ஜெஃபர்சன்கிட்ட சொந்த கட்சிலயே தோத்துட்டாங்க. புது போர்டு 2024 ஜனவரில உக்காரும். ரீசோனிங் இன்னும் முடியல. ப்ளானிங் கமிஷன் வேண்டாம்னு பரிந்துரை பண்ணிடுச்சு. ஆனாலும் போகப்போற போர்டு டிசம்பர் 12-ஆம் தேதி விசாரணை வெச்சுது.

அன்னிக்கு காலைல ஆரம்பிச்ச மீட்டிங் மறுநாள் வரைக்கும் ஓடுச்சு, 27 மணி நேரம். நூத்துக்கணக்குல ஜனங்க, நிலக்காரங்க, போர்க்கள ஆர்வலருங்க, கட்டுமான தொழிலாளர் சங்கத்துக்காரங்க, பக்கத்து ஓக் வேலி குடியிருப்புக்காரங்க, ஆளாளுக்கு சில நிமிஷம். கடைசில 4-க்கு 3, ஒருத்தர் ஓட்டு போடல. பாஸ்.

இங்க நான் ஒரு தொழில்காரனா புலம்பிக்கறேன். கம்பெனிங்க குடுத்த வாக்குறுதி பட்டியல், அதை அங்க ப்ராஃபர்னு சொல்வாங்க, கட்டிட உயரம், மரத்திரை, திறந்தவெளி, சத்தம் எல்லாத்துக்கும் பக்கம் பக்கமா. வர்ஜீனியாவுல ப்ராஃபர் தான் உயிர், ரீசோனிங் கிடைச்சப்புறம் எங்க ட்ராயிங்ல ஒவ்வொரு கோடும் அந்த ப்ராஃபரோட ஒத்துப்போகணும். அப்படிப்பட்ட பேப்பரை கடைசி நிமிஷம் வரைக்கும் திருத்திட்டு இருந்துட்டு, தூக்கமில்லாத எட்டு பேர் முன்னாடி வெச்சு, 37 கட்டிடத்துக்கு ஓட்டு வாங்கினா அதுல ஓட்டை இல்லாம எப்படி இருக்கும்.

ஓட்டை

ஆனா ஓட்டை நான் நெனச்ச இடத்துல இல்ல. ஓக் வேலி குடியிருப்பு சங்கம் கேஸ் போட்டுச்சு, போர்க்கள அறக்கட்டளை தனியா போட்டுச்சு. 2025 ஆகஸ்ட்ல சர்க்யூட் கோர்ட் தீர்ப்பு. பாறை, தண்ணி, சத்தம், சரித்திரம் எதைப்பத்தியும் பேசாமலே ரீசோனிங் ஆரம்பத்துல இருந்தே செல்லாதுன்னு ஆயிடுச்சு, காரணம் வாஷிங்டன் போஸ்ட்ல வந்த பொது விசாரணை விளம்பரம். சட்டப்படி விளம்பரம் ரெண்டு தடவை வரணும், முதல் விளம்பரத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல இத்தனை நாள், ரெண்டாவதுக்கும் விசாரணைக்கும் நடுவுல இத்தனை நாள்னு கணக்கு இருக்கு. அந்த கணக்கு இடிச்சுது. விளம்பரம் வந்த நேரத்துல ஜனங்க போய் பாக்கற மாதிரி முழு ஆவணமும் தயாரா வெச்சிருக்கலங்கறதும் சேந்துக்கிச்சு.

இதை டெக்னிக்கல் தப்புன்னு பல பேர் சொன்னாங்க, நூத்துக்கணக்கான பேர் நேர்ல வந்து பேசியிருக்காங்களே, யாருக்கு தெரியாம போச்சுன்னு. நானும் முதல்ல அப்படி தான் நெனச்சேன். அப்புறம் தேதியை வரிசையா எழுதி பாத்தேன். டிசம்பர் 12 விசாரணை ஏன், ஜனவரில ஆள் மாறிடுவாங்க. விளம்பரம் பிசகிடுச்சுன்னு தெரிஞ்சா சாதாரணமா என்ன பண்ணுவாங்க, விசாரணையை மூணு வாரம் தள்ளி வெச்சு திரும்ப விளம்பரம் குடுப்பாங்க, செலவு ஒரு சின்ன இன்வாய்ஸ். இங்க தள்ள முடியல, தள்ளினா ஓட்டே கிடைக்காது. அவசரம் வெளிய எங்கயும் தெரியாம, காலண்டர்ல போய் மாட்டிக்கிச்சுங்கறது என்னோட வாசிப்பு, தீர்ப்புல இப்படி எழுதியிருக்காங்கன்னு நான் சொல்ல வரல.

விஷயம் அப்பீலுக்கு போச்சு. நடுவுல உலகம் நிக்கல. ஒரு காலத்துல டேட்டா சென்டருக்கு கம்பளம் விரிச்ச லௌடனே 2025 மார்ச்ல பை ரைட்டை எடுத்துட்டு இனிமே ஒவ்வொண்ணும் விசாரணைக்கு வரணும்னு மாத்திடுச்சு. வர்ஜீனியாவும் சேந்த பல மாநில கரன்ட் சந்தையான பிஜேஎம்ல கெபாசிட்டி விலை, அதாவது தேவைப்படும்போது கரன்ட் குடுக்க தயாரா இருக்கறதுக்கு தர்ற விலை, ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலர்ல இருந்து 2024 ஏலத்துல 269.92-க்கு போச்சு, அடுத்த வருஷ ஏலத்துல 329.17. டேட்டா சென்டரே பாக்காத ஊர்க்காரன் கரன்ட் பில்லுலயும் அது ஏறும், அதனால பேஜ்லேண்ட் சண்டை இப்ப பேஜ்லேண்ட்காரங்க சண்டை மட்டும் இல்ல.

எனக்கு இதுல ரொம்ப பாவமா தெரியறது நிலக்காரங்க தான். வித்துட்டு போகவும் முடியல, அக்ரிமென்ட் போட்ட நிலத்துல மனசு வெச்சு புதுசா எதுவும் செய்யவும் முடியல. எதிர்த்தவங்களுக்கும் நிம்மதி இல்ல, ஜெயிச்சது விளம்பர தேதியில, நாளைக்கு அதே திட்டம் சரியான தேதியில விளம்பரம் குடுத்து வந்தா மறுபடியும் முதல்ல இருந்து.

எங்க டீம்ல இந்த தீர்ப்புக்கு அப்புறம் ஒரு பழக்கம் வந்துடுச்சு. அந்த ஏரியா ஃபைல் எது வந்தாலும் கான்டூர், போர் ஹோல் ரிப்போர்ட், டொமினியன் லெட்டர் இதோட சேத்து ரீசோனிங் ஆர்டரையும் அதுக்கு முன்னாடி வந்த பேப்பர் விளம்பரத்தோட சான்றிதழையும் கேக்கறோம். முதல் தடவை கேட்டப்ப அந்த பக்கத்து ப்ராஜெக்ட் மேனேஜர் சிரிச்சாரு, நீங்க ட்ராயிங் போடற ஆளுங்க தானே, இது எதுக்குன்னு. ரெண்டு நாள் கழிச்சு மெயில்ல ஸ்கேன் வந்துச்சு, மங்கலான பொடி எழுத்து, ஓரத்துல ரெண்டு தேதி. சிஸ்டம் காலண்டரை தொறந்து வெச்சு விரல் விட்டு நாள் எண்ணினேன், சரியா இருந்துச்சு, அப்புறம் தான் கிரேடிங் ஷீட்டை தொறந்தேன்.